கட்டியம் கூறுவோன்

கூத்து மேடையிலே அரசன் தோன்றுவதற்கு முன்னர் ஒருவன் தோன்றுவான். கையில் ஒரு தடி இருக்கும். சபையோரை நோக்கி நின்று, இன்ன நாட்டை ஆளும் இன்ன வேந்தன் இதோ கொலுவுக்கு வருகிறான், எல்லோரும் ஒதுங்கி நின்று வழிவிடுங்கள் என்று பாடியும் பேசியும் அறிவிப்பான். அறிவித்து முடிந்ததும் ஓரமாக நின்றுகொள்வான். கூத்துக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் அரசனுக்குப் பெயருண்டு, மந்திரிக்குப் பெயருண்டு, இராசகுமாரிக்கும் அவள் தோழிக்குங்கூடப் பெயர் இருக்கலாம். இவனுக்கு மாத்திரம் பெயர் இல்லை. கட்டியகாரன் என்ற தொழிற்பெயரே அவன் பெயர். ஓலைத்தொடுவாய், பேசாலை முதலிய மன்னார்த் தீவின் கரையோர ஊர்களிலே கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவனை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் அவன் வகிக்கும் பதவியின் பழைமையையும் அதன் பொறுப்பையும் எண்ணிப் பார்த்தவர் சிலரே. இன்று அவனைப்பற்றியே பேச விரும்புகிறேன்.

கட்டியம் என்ற சொல், உரைநடையைக் குறிக்கும் கத்தியம் என்னும் வடசொல்லின் திரிபு என்பர் அகராதியார். இது கவனிக்கத்தக்கது. அரசனைப் பாட்டிலே புகழ்வது புலவன் தொழில். அவனுக்கு எதுகையும் மோனையும் உவமையும் உண்டு. சற்று மிகுத்துக் கூறினாலும் கவிஞனென்று உலகம் பொறுத்துக்கொள்ளும். கட்டியம் கூறுவோனுக்கோ அந்தச் சலுகை கிடையாது. வருபவனுடைய குலம் எது, கொடி எது, பட்டப்பெயர் எது, நாடு எது என்பவற்றை வரிசை பிறழாது சொல்ல வேண்டும். ஒரு பட்டத்தை விட்டுவிட்டால் அவமதிப்பு. இல்லாத பட்டத்தைச் சேர்த்துவிட்டால் பொய். இரண்டுக்கும் நடுவிலே நடப்பதுதான் அவன் உத்தியோகம்.

பழந்தமிழகத்தில் இந்தப் பணி முரசோடு பிணைந்திருந்தது. முரசு வெறும் வாத்தியம் அன்று, அரசின் குரல். அதற்கென ஒரு கட்டில் உண்டு, நீராட்டு உண்டு, பலி உண்டு. அறியாமல் அந்தக் கட்டிலில் ஏறித் துயின்றுவிட்ட மோசிகீரனார் என்னும் புலவரைச் சேரமான் தண்டியாது விட்டதோடு, அவர் விழிக்கும்வரை தானே கவரி வீசி நின்றான் என்ற செய்தியைப் புறநானூற்றில் காண்கிறோம். அதனை மன்னனின் தமிழன்புக்குச் சான்றாகவே நாம் மாணவருக்குக் கற்பிக்கிறோம். அது சரியே. ஆனால் அந்தச் செய்தியில் ஒரு மறுபக்கமும் உண்டு. முரசுக்குரிய கட்டிலைத் தீண்டுவது உயிரை இழக்கத்தக்க குற்றமாக எண்ணப்பட்டது என்பதும் அதனால் விளங்குகிறது.

அந்த முரசை அறைந்து அறிவிப்பவன் எப்படிப் பேசினான் என்பதற்கு மணிமேகலையின் முதற் காதையிலும் சிறந்த சான்று கிடையாது. புகார் நகரிலே இந்திரவிழா எடுக்க வேண்டும். வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, தொன்றுதொட்டு அத்தொழிலில் வந்த குடியிற் பிறந்தவன் நகருக்கு அறிவிக்கிறான். முதலில் நகரை வாழ்த்துகிறான். அடுத்து மழையை வேண்டுகிறான். மூன்றாவதாகத்தான் அரசன் வருகிறான். அங்கும் வெறும் புகழ்ச்சி இல்லை. அவன் செங்கோல் கோணாதிருக்கட்டும் என்ற வேண்டுதலே இருக்கிறது. பிறகு வேலைகளை அடுக்குகிறான். தோரணம் நாட்டுங்கள், நிறைகுடம் வையுங்கள், கமுகும் வாழையும் கரும்பும் கட்டுங்கள், வீதியில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், சமயவாதிகள் பட்டிமண்டபத்துக்குரிய முறையறிந்து ஏறுங்கள், பகைவரைக் கண்டாலும் சண்டையிடாது விலகிச் செல்லுங்கள். விழா நடைபெறும் நாட்கள் இருபத்தெட்டும் இவ்வொழுங்கு நிற்கவேண்டும் என்பது அவன் சொல்லின் கருத்து. புதுமணல் பரப்பும் வழக்கத்தை இன்றும் நம் ஊர்த் திருவிழாக்களிற் காண்கிறோம். மணலுக்குப் பஞ்சமில்லாத மன்னார்த் தீவிலே அது எளிய காரியமுங்கூட!

சிலப்பதிகாரத்தில் சூதர், மாகதர், வேதாளிகர் என்போரையும் நாழிகைக் கணக்கரையும் ஒருசேரக் காண்கிறோம். சூதர் நின்று ஏத்துவோர் என்றும் மாகதர் இருந்து ஏத்துவோர் என்றும் உரைகாரர் வேறுபடுத்துவர். புகழுவதற்கே நிற்கும் உரிமை, இருக்கும் உரிமை என்று தனித்தனி வரிசைகள் இருந்தன என்றால் அந்த அரசவை எவ்வளவு நுட்பமாக ஒழுங்கு செய்யப்பட்டிருக்க வேண்டும்!

பிற்கால அரண்மனைகளிலே மன்னன் புறப்படும்போது முன்செல்லும் ஏவலர் இரண்டு சொற்களைக் கூவினர். ஒன்று எச்சரிக்கை, மற்றொன்று பராக்கு. வழியிலே நிற்போர் விழிப்பாயிருக்க வேண்டும் என்பதே இரண்டின் பொருளும். அரசர் போயினர், அச்சொற்கள் போகவில்லை. நம் நாட்டுச் சைவக் கோயில்களிலே திருவூஞ்சல் பாடி முடிந்தவுடன் எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்று வரிசையாகப் பாடுகிறார்களே, கேட்டிருப்பீர்கள். அந்த எச்சரிக்கையும் பராக்கும் அரண்மனை வாயிலிலிருந்து கோயில் மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தவை. வழிவிலக்கும் ஏவலாளின் அதட்டல், தெய்வத்தின் முன் இசையாகிவிட்டது. சிற்றூர்க் கோயிலுக்கும் ஒரு புலவர் தனியாக ஊஞ்சற் பதிகம் பாடிக் கொடுப்பதும், அதனோடு எச்சரிக்கையும் பராக்கும் சேர்த்து அச்சிடுவதும் ஈழத்திலே வேரூன்றிய வழக்கம்.

வாயாற் கூறிய கட்டியத்துக்குக் கல்லிலே ஓர் உடன்பிறப்பு உண்டு. அதுவே மெய்க்கீர்த்தி. 985ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதலாம் இராசராச சோழன் காலந்தொட்டு, கல்வெட்டின் தலைப்பிலே அரசனுடைய வெற்றிகளை ஒரே வாசகமாக எல்லா ஊர்களிலும் பொறிக்கும் முறை நிலைபெற்றது. எங்கள் மாவட்டமும் அந்த வரலாற்றுக்குப் புறம்பானதன்று. மாதோட்டம், சோழர் ஆட்சியிலே இராசராசபுரம் என்று பெயர் பெற்றிருந்தது. அங்கே தாழி குமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுத்து, அதற்கு நிவந்தம் ஏற்படுத்திய செய்தி ஒரு கல்வெட்டிலே உள்ளது. கோயில் மறைந்தது, கல் எஞ்சியது. கல்லும் இல்லாதவிடத்து என்ன எஞ்சும்? இந்தக் கேள்விக்கு விடை நல்லூரில் இருக்கிறது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே கட்டியம் கூறும் வழக்கம் இன்றும் உண்டு. வடமொழித் தொடர்களாலான அந்தக் கட்டியம், கஜவல்லி மகாவல்லி சமேதரான சுப்பிரமணியருடைய திருவடிகளைப் போற்றும் ஓர் அரசனைக் குறிப்பிடுகிறது. அவன் சூரிய குலத்தவன். சோடச மகாதானம் என்னும் பதினாறு பெருங்கொடைகளைச் செய்தவன். அவன் பெயர் சிறீசங்கபோதி புவனேகபாகு. யாழ்ப்பாணத்து அரசர் வரிசையை ஓரளவு படித்தவர்க்கும் இப்பெயர் வியப்பைத் தரும். யாழ்ப்பாணத்து மன்னர்கள் ஆரியச்சக்கரவர்த்திகள். சேது என்ற மொழியையும் காளை உருவையும் தம் நாணயங்களில் பொறித்தவர்கள். சிறீசங்கபோதி என்பதோ சிங்கள மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகச் சூடிவந்த அரியணைப் பெயர்களுள் ஒன்று. அது யாழ்ப்பாணத்துக் கோயிலுக்குள் எவ்வாறு வந்தது?

கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்புப் புதல்வன் சப்புமல் குமாரயன், தமிழில் செண்பகப் பெருமாள், 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்று ஏறக்குறையப் பதினேழு ஆண்டுகள் அங்கே ஆட்சி செலுத்தினான். பின்னர் கோட்டைக்குத் திரும்பிப் புவனேகபாகு என்ற பெயரோடு முடிசூடினான். கட்டியத்தின் புவனேகபாகு இவனே என்பது வரலாற்றறிஞர் பலருடைய கொள்கை. யாழ்ப்பாண வைபவமாலையோ புவனேகவாகு என்பவனை ஒரு மந்திரியென்று கூறும். அரசனா மந்திரியா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. என் எளிய கருத்தைச் சொல்ல அனுமதிப்பீர்களாயின், ஒரு மந்திரிக்கு அரியணைப் பெயரைச் சூட்டிக் கோயில் முன்றிலிலே கூவ எந்தக் கட்டியகாரனும் துணிந்திருக்க மாட்டான். வரிசை பிறழாமையே அவன் தொழில் என்று முன்னரே கூறினேன் அல்லவா?

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல் பிலிப் தே ஒலிவேறா நல்லூர்க் கோயிலை இடித்தான். இன்றுள்ள கோயில், ஒல்லாந்தர் ஆட்சியிலே 1734ஆம் ஆண்டளவில் இரகுநாத மாப்பாண முதலியாரால் எடுக்கப்பட்டது. நடுவிலே நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி. கல் இடிந்தது, அரசன் இல்லை, அரண்மனை இல்லை. பெயர்மட்டும் எவருடைய நாவிலோ இருந்து மீண்டு வந்தது. அதுவும் யாருடைய பெயர்? யாழ்ப்பாணத்து மன்னனைப் போரிலே வென்றவனுடைய பெயர். யாழ்ப்பாணத்தவர் தலைமேற்கொண்டு போற்றும் கோயிலிலே, தென்னாட்டிலிருந்து படையோடு வந்த ஒருவனுடைய பெயரும் பட்டமும் ஆண்டுதோறும் ஒலிக்கின்றன. விருப்பு வெறுப்புப் பார்த்துக் கட்டியம் கூறியிருந்தால் அப்பெயர் என்றோ நீக்கப்பட்டிருக்கும். அதனை நீக்காதவர்களுக்கு நம் வரலாறு கடன்பட்டிருக்கிறது. இனம் என்றும் மொழி என்றும் பிரிந்து நின்று இத்தீவு பட்ட துயரங்களை நேரிற் கண்ட நமது தலைமுறைக்கு இச்செய்தி சற்று ஆழமாகவே தைக்கும்.

கட்டியம் கல்வெட்டாகாது என்பதையும் உடன் கூறிவிடுகிறேன். வாயிலிருந்து வாய்க்கு வரும் சொல்லிலே எழுத்துச் சிதையும். பொருள் விளங்காதபோது ஓதுவோர் தமக்குத் தெரிந்த சொல்லைப் புகுத்துவர். ஆகவே மற்றச் சான்றுகளோடு ஒத்துப்பார்த்தே அதனைக் கொள்ளல் வேண்டும்.

மேனாட்டிலும் இப்பதவி உண்டு. இங்கிலாந்திலே கட்டியகாரர்களுக்கென்று ஒரு கல்லூரியே இருக்கிறது. மூன்றாம் றிச்சட் மன்னன் 1484இல் அதற்குப் பட்டயம் வழங்கினான். கல்லூரி என்றதும் மாணவரும் பரீட்சையும் உண்டென எண்ண வேண்டாம். எந்தக் குடும்பத்துக்கு எந்த இலச்சினை உரியது, எந்தக் கேடயத்தில் எந்தச் சிங்கம் எப்பக்கம் நோக்கி நிற்க வேண்டும் என்பவற்றைப் பதிந்து காக்கும் அலுவலகம் அது. அவர்களுள் முதல்வருக்கு, கார்ட்டர் அரச கட்டியர் என்று நாம் மொழிபெயர்க்கத்தக்க ஒரு பட்டம் உண்டு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் திகதி, மூன்றாம் சாள்ஸ் அரசராகப் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, புனித யேம்ஸ் அரண்மனையின் மாடத்தில் நின்று அதனை வாசித்தவர் அவரே. அரச சின்னங்கள் தைத்த அங்கி, எக்காளம், உரத்த குரல். நம் கூத்து மேடையைக் கண்டவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.

ஆயின் அணிவகுப்பிலும் சிறந்த பொறுப்பொன்று முற்காலத்தில் அவர்களுக்கு இருந்தது. போர்க்களத்திலே கட்டியகாரனைத் தாக்கலாகாது என்பது இருதரப்பும் ஏற்ற நெறி. நமது தூதனுக்குரிய காப்புப் போன்றது அது. கொடியையும் கேடயத்தையும் கண்டு வீழ்ந்தவர் இன்னார் என்று அடையாளஞ் சொல்வதும் அவர்கள் பணி. 1415இல் அஜின்கோர்ட் என்னுமிடத்தில் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையை வென்றனர். போர் ஓய்ந்தபின் ஐந்தாம் ஹென்றி மன்னன், மொன்ஜுவா என்ற பட்டம்பூண்ட பிரெஞ்சுக் கட்டியகாரனை அழைத்து, வெற்றி யாருடையது என்று கேட்டான் என அக்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கின்றனர். உமதே என்றான் அவன். அருகே தெரியும் கோட்டையின் பெயர் யாது என மன்னன் வினவ, அஜின்கோர்ட் என்றான். போருக்கும் அதுவே பெயராயிற்று. வென்றவன் தானே தன் வெற்றியை அறிவித்துக்கொள்ளவில்லை. தோற்ற பக்கத்தின் கட்டியகாரன் வாயால் அது வரவேண்டியிருந்தது. தன் அரசனுடைய தோல்வியைப் பகைவன் முன்னிலையில் திரிக்காமற் சொன்ன அந்த மனிதனுடைய நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டிலே கண்டி எசல பெரகராவிலும் இதன் சாயலைக் காணலாம். கசையடிப்போர் ஓசையெழுப்பி வழியறிவிக்க, கொடிகாரர் பின்தொடர, முதல் யானையின்மீது பெரமுனே ரால என்னும் உத்தியோகத்தர் வருவார். அவர் கையிலே இருப்பது வாளன்று. தலதா மாளிகையின் நிலங்களையும் ஊழியங்களையும் பதிந்த ஓலை ஏடு. கொழும்பிலே பாராளுமன்றம் கூடும்போது படைக்கலச் சேவிதர் ஏந்திவரும் செங்கோலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கருங்காலியும் வெள்ளியும் பொன்னும் நீலக்கல்லும் கொண்ட அச்செங்கோல் 1949இல் பிரித்தானியப் பொதுமக்கள் சபை அன்பளித்தது. மூதவை இருந்த காலத்தில் அதற்குக் கருங்கோல் ஏந்துவோர் ஒருவரும் இருந்தார். 1971இல் மூதவை நீங்க அவரும் நீங்கினார். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகளுக்கு முன்னால் வெள்ளிக்கோல் ஏந்தி நடப்போரைச் சோப்தார் என்பர்.

இனி எங்கள் கரைக்கு வருவோம். மன்னாரிலே கத்தோலிக்க மக்கள் வளர்த்த கூத்துகள் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகைப்படும். வாசாப்பு என்றொரு வடிவமும் உண்டு. ஏட்டிலும் கையெழுத்துப் பிரதியிலும் கிடந்தவற்றுள் மூவிராசாக்கள் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் முதலியவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்து உலகறியச் செய்தார். எண்டிறீக்கு என்பது ஹென்றி. எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். நல்லூர் அரசை அழித்தவர்களுடைய மொழியிலிருந்து ஒரு பேரரசன் வருகிறான். அவனுக்கும் தமிழ்க் கட்டியகாரனே முன்நின்று வழிவிலக்குகிறான். பெத்தலேகேமுக்குச் செல்லும் மூன்று இராசாக்களும் அவ்வாறே கொலுவீற்றிருக்கிறார்கள். ஐரோப்பியக் கதையை வாங்கிக்கொண்ட நம் முன்னோர், அரசவை என்றால் எப்படி இருக்கும் என்பதைத் தம்முடைய பழைய நினைவிலிருந்தே எடுத்துக்கொண்டனர். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின் அதன் அவை ஒழுங்கைத் தேடுவோர் சுவடிச்சாலையிலே தேடுவதோடு இந்தக் கூத்துமேடைகளிலும் தேட வேண்டும் என்பது என் துணிபு.

பாடசாலையிலே கூத்துப் பழக்கும்போது ஒன்றைக் கண்டிருக்கிறேன். அரசன் வேடத்துக்கு எல்லோரும் முந்துவர். கட்டியகாரன் வேடம், குரல் இருந்தும் உருவம் சிறுத்த மாணவனுக்கே வந்து சேரும். தென்னிந்தியத் தெருக்கூத்தில் அவன் நகைச்சுவைப் பாத்திரமுமாவான். அரசனையே குறுக்குக் கேள்வி கேட்பான். அந்த உரிமையும் அவனுக்குப் பொருத்தமே. எல்லாப் பட்டங்களையும் மனப்பாடஞ் செய்தவனுக்குத்தான் அவற்றுள் எது பொய் என்பதும் தெரியும்.

அண்ணாவிமாரின் வீடுகளிலிருந்த கொப்பிகள் பல, 1990இன் பின் நேர்ந்த இடப்பெயர்வுகளிலே கைவிடப்பட்டன. வள்ளத்தில் ஏறும்போது பிள்ளையை எடுப்பார்களா, கொப்பியை எடுப்பார்களா? எஞ்சியவற்றிலும் கட்டியகாரன் பகுதி குறைந்தே கிடைக்கிறது. அரசனுடைய பாட்டுகளை நடிகர் தனித்தாளிற் பெயர்த்து வைத்துக்கொண்டனர். கட்டியகாரன் வசனத்தை அண்ணாவியார் தம் நினைவிலிருந்தே சொல்லிக்கொடுத்துவிட்டார். அதனை அறிந்த முதியோர் உங்கள் ஊரில் இருப்பாராயின், அண்மையிலுள்ள பாடசாலைக்குச் சொல்லுங்கள். மாணவர் வந்து எழுதிக்கொள்வார்கள்.

இக்காலத்து மேடைகளிலே ஒலிபெருக்கியைப் பிடித்து நிற்போரும் கட்டியகாரர்தாம். பரிசளிப்பு விழாவுக்கு ஒருவர் வந்தால் அவருடைய பட்டங்களைக் கூறுவதிலேயே கால்மணி நேரம் போகிறது. வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் பெயர்களோ அவசரத்தில் அரைகுறையாக வாசிக்கப்படுகின்றன. தந்தையின் பெயர் தவறாக வாசிக்கப்பட்ட பிள்ளை பரிசை வாங்கிக்கொண்டு முகம் வாடி இறங்குவதை யார் கவனிக்கிறார்கள்?

பெயரைச் சரியாகச் சொல்லும் வேலையை நம் நாட்டிலே மிகுந்த கவனத்தோடு செய்துவந்த இடம் ஒன்று உண்டு. அது 1925ஆம் ஆண்டு கொழும்பிலே தொடங்கிய நமது வானொலிதான். தமிழ்ச் சேவையின் மரண அறிவித்தலைக் கேட்டு வளராத ஈழத்துத் தமிழர் அரியர். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அருமை மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் மாமியார், இன்னாரின் பேர்த்தி என்று உறவுமுறை ஒவ்வொன்றாக வரும். அரசனுக்குக் குலமும் கொடியும் சொன்ன அதே ஒழுங்குதான் அது. நாணயத்திலும் கல்வெட்டிலும் இடம்பெறாத ஒரு மீனவத் தாய்க்கு அவளுடைய வரிசை முழுவதும் நாடு கேட்கச் சொல்லப்படுகிறது. தபாலும் பத்திரிகையும் வந்து சேராத நாட்களிலே, குடும்பங்கள் கரைக்கொன்றாய்ப் பிரிந்திருந்த வேளையில், அந்த அறிவித்தல் நேரத்தில் வீட்டிலுள்ளோர் பேச்சை நிறுத்திவிடுவர். ஒரே பெயருடையோர் ஓர் ஊரிலேயே பலர் இருப்பார்கள். தந்தையின் பெயர் சொல்லும்வரை மூச்சடங்கியிருக்கும். முதலெழுத்து ஒன்று மாறி வாசிக்கப்பட்டால் அழுகுரல் வேறொரு வீட்டில் எழும்; உரிய வீட்டார் அடுப்பில் உலையேற்றிக் கொண்டிருப்பர். நல்லடக்கம் எந்தச் சேமக்காலையில், எத்தனை மணிக்கு என்பது கடைசியாக வரும். அதைக் கேட்டபின்னரே ஒருவர் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, வானொலி இல்லாத வீடுகளுக்குச் சொல்லப் புறப்படுவார்.